மெம்பர் குடித்த தண்ணீர்

அந்தப் படத்தை எடுக்கச் சொன்னவன் நான்தான். வேறு யார் மேலும் பழியைப் போட எனக்கு வாய் வராது. கிணற்றுப் படியில் ஜில்லா போர்டு மெம்பர் குந்தியிருக்கிறார். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து வாயருகே வைத்திருக்கிறார். பின்னால் ஊரே நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. படத்தின் வலது ஓரத்தில் செம்பைச் சாய்த்துத் தண்ணீர் வார்க்கிற ஒரு கை மட்டும் தெரியும். கண்ணாடி வளையல் போட்ட கை. அது என் அக்காவின் கை. ஆளைக் காட்ட வேண்டாம், கை தெரிந்தால் போதும் என்று படம் பிடிக்க வந்தவரிடம் சொன்னதும் நான்தான்.

அப்போது எனக்கு ராசிபுரத்தில் ஒரு சின்ன அச்சுக்கூடம் இருந்தது. காலால் மிதித்து ஓட்டுகிற மெஷின் ஒன்று, பாதி எழுத்து தேய்ந்துபோன டைப் கேஸ் நாலு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, நெய் டின்னில் ஒட்டுகிற லேபிள், இவைதான் பிழைப்பு. கூடவே சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு உள்ளூர் நிருபர் என்று ஒரு பட்டம் வேறு. அந்தப் பட்டத்துக்காகச் சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு திரிந்ததை இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வயது இருபத்தேழு. உலகத்தில் நடப்பதெல்லாம் நான் எழுதினால்தான் நடந்ததாக அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவை நாமக்கல் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். சோளமும் நிலக்கடலையும் விளைகிற புஞ்சைக்காடு. மாமாவுக்கு நிலம் இருந்தது, வாய் கிடையாது. அந்த ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. அது படிக்கிணறு. கயிறும் ராட்டினமும் இல்லை. பத்தொன்பது படி இறங்கிப் போய், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று, குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். சேரிக்காரர்களைப் படியில் கால் வைக்க விடமாட்டார்கள். அவர்கள் மேலே காத்து நின்றால் யாராவது மொண்டு ஊற்றுவார்கள்.

அந்தத் தண்ணீரில் இருந்தது நரம்புச் சிலந்தி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லது. தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத பூச்சியாக வயிற்றுக்குள் போகும். ஒரு வருஷம் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். பிறகு காலில் ஒரு கொப்புளம் கிளம்பும், நெருப்பை வைத்தாற்போல எரியும். கொப்புளம் உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஈர்க்குச்சியில் சுற்றி, தினம் ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று இழுத்து, குச்சியைக் காலோடு துணியால் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முழுசாக வெளியே வர இருபது நாள் ஆகும், ஒரு மாதமும் ஆகும். நடுவில் அறுந்து போச்சோ, கால் பெருத்துச் சீழ் வைத்து, மூட்டு மடங்கினது மடங்கினபடி நின்றுவிடும். எரிச்சல் தாங்காமல் ஆட்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே காலை விட்டுக்கொண்டு உட்காருவார்கள். புழு அங்கேயே குட்டி போடும். அதைத்தான் மறுநாள் எல்லோரும் மொண்டு குடித்தார்கள். படியில் கால் நனைக்காத சேரிக்காரர்களுக்கும் சிலந்தி வந்தது, தண்ணீர் அதே தண்ணீர்தானே.

அக்காவுக்கு இடது காலில் ஒரு தடவை வந்து அறுந்து போனது. அதிலிருந்து அவள் விந்தி விந்தித்தான் நடந்தாள். "ஒரு காலு போச்சு சாமி. இன்னொண்ணாச்சும் மிஞ்சோணும். அந்தப் படியத் தூத்து, சுத்திச் செவுரு வெச்சு, ராட்டினம் போட்டுக் குடுக்கச் சொல்லு, போதும்" என்பாள். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்கள் காலை நனைக்காமல் மேலிருந்து இறைக்கிற கிணறாக மாற்றினால் சிலந்தி ஒழிந்தது. அதுவரைக்கும் வேட்டித் துணியை நாலாக மடித்துப் பானை வாயில் கட்டி, வடிகட்டிக் குடியுங்கள் என்று அந்த மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். முதலில் சிரித்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஊரில் ஏறக்குறைய எல்லாப் பானையிலும் துணி இருந்தது.

ஜில்லா போர்டுத் தேர்தல் வந்தது அப்போதுதான். எங்கள் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் ஒருவர் நின்றார். கெட்ட மனிதர் என்று அவரை நான் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் உண்மையில்லை. மேடையில் ஏழைகளைப் பற்றிப் பேசும்போது அவருக்கு நிஜமாகவே கண்ணீர் வரும். கூட்டம் கலைந்து போனதும் அந்தக் கண்ணீர் எதற்கு வந்தது என்பது அவருக்கே மறந்துபோகும், அவ்வளவுதான். அவருடைய நோட்டீஸ்களை நான் அச்சடித்தேன். "படிக்கிணறுகளை மூடி இறைகிணறுகளாக்குவேன்" என்ற வரியை நானே எழுதிச் சேர்த்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க தம்பி, இருக்கட்டும்" என்றார்.

ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. இவருடையது பச்சைப் பெட்டி. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்பதால் அக்காவுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அந்த ஊரில் ஓட்டு இருந்த அத்தனை வீட்டுப் படியையும் அந்த விந்தின காலோடு ஏறி இறங்கினவள் அவள்தான். புறப்படுவதற்கு முன்னால் என்னை நிறுத்தி, "நெசமாலும் கட்டுவாருங்களாடா?" என்று கேட்டாள். மரியாதையும் செல்லமும் கலந்து இப்படித்தான் பேசுவாள்.

"கட்டுவாருக்கா. என் பொறுப்பு" என்றேன். என் பொறுப்பு! அந்த இரண்டு வார்த்தையை எவ்வளவு லேசாகச் சொன்னேன்.

அந்த ஊர் ஓட்டு ஒன்று விடாமல் பச்சைப் பெட்டியில் விழுந்தது. மெம்பர் ஆனார். கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, தை போச்சு. சேலத்தில் போர்டு கூட்டத்தில் எந்த ஊருக்கு என்ன வேலை என்று பட்டியல் போடுவார்கள். மெம்பர் எழுந்து நின்று கேட்டால்தான் ஊர் பட்டியலில் ஏறும். இவர் கூட்டத்துக்குப் போவார், மாலையோடு வருவார், கிணறு மட்டும் நினைவுக்கு வராது. ஊரில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் நாலு பேர் அவர் பண்ணைக்கே போய் வாசலில் நின்றுவிட்டு வந்தார்கள்.

அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன தம்பி, உங்க அக்கா ஊர்க்காரங்க இப்பிடி நச்சரிக்கறாங்க. என்ன பண்ணலாமுங்க?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மூளையே வேண்டியதில்லை. எனக்குத்தான் மூளை ஜாஸ்தியாயிற்றே! "ஐயா, நீங்க ஒரு நாளைக்கு அந்தக் கெணத்துல எறங்கி, சனங்களோட சனமா ஒக்காந்து அந்தத் தண்ணியக் குடிங்க. படம் எடுத்துப் பத்திரிகையில போட்டரலாமுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. மறுகணம் சுருங்கியது. "சிலந்தி வந்துருமேங்க?"

அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். அக்கா வீட்டிலேயே தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்துச் செம்பில் ஊற்றி, முந்தானையில் மறைத்துக்கொண்டு வருவாள். படியில் இறங்கி, முதுகைக் காட்டிக் குனிந்து மொள்கிற மாதிரி பாவனை செய்து, இவர் கையில் வார்ப்பாள். அக்காவிடம் சொன்னேன். "ஊரு நம்பிருமேடா" என்றாள். "நம்பட்டுமே. அப்பறம் அவரு கட்டாம இருக்க முடியாது. படம் பத்திரிகையில வந்துருமில்ல" என்றேன். கிணறு வரும் என்றால் அவள் எதற்கும் சரி என்பாள் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் கேட்டேன்.

மாசி மாதம், காலை பத்து மணி. மெம்பர் பிளஷர் காரில் வந்து இறங்கினார். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து படம் பிடிக்கிறவர் முக்காலியும் கறுப்புத் துணியுமாக வந்திருந்தார். எல்லாம் நான் போட்ட திட்டப்படியே நடந்தது. அவர் கையைக் குவித்தார், அக்கா வார்த்தாள், அவர் மடக் மடக்கென்று குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆகா, எளநி தோத்துது போங்க!" என்றார். ஊர் ஒரே ஆரவாரம். வயசான ஒருத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மட்டும் செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பார்கள். பிடிக்காதவன் வந்தாலும் சரி. வந்தவர் ஒரு வாய் சாப்பிட்டால் கை நனைத்துவிட்டார் என்பார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தாலே எங்களுக்கு அந்தக் கணக்குதான். அதற்குப் பிறகு அவர் வேற்றாள் இல்லை. கை நனைத்தவரிடம் முகத்துக்கு நேரே கடுமையாகப் பேசமாட்டார்கள், அவர் சொன்ன சொல்லைச் சந்தேகப்படமாட்டார்கள். வாங்கிக் குடிக்காமல் எழுந்து போனாலோ, ஏழு தலைமுறைக்கும் சேர்த்து அவமானம். நான் பிறந்து வளர்ந்ததே இதில்தான். இருந்தும் இதை நான் யோசிக்கவில்லை.

பெரியவர்கள் அதோடு கிணற்றுப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார்கள். "நம்ம ஊர்ல கை நனைச்சுட்டுப் போனவரப் போயி மறுக்கா மறுக்கா கேக்கறது நல்லாவாங்க இருக்கும்? அவருக்குத் தெரியாதுங்களா, செய்வாரு" என்றார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் வடிகட்டாமல் குடித்த தண்ணீரை நாம் வடிகட்டிக் குடித்தால் அது அவரை அவமதிக்கிற மாதிரி ஆகிவிடாதா என்று ஒரு வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த வாரமே ஒவ்வொரு பானையாகத் துணி அவிழ்ந்தது.

இன்ஸ்பெக்டர் என் அச்சுக்கூடத்துக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, வாசலில் சாய்த்துவிட்டு அப்படியே உள்ளே வந்தார். "எட்டு மாசம் ஐயா! எட்டு மாசம் ஒவ்வொரு வீட்டிலயும் கெஞ்சிக் கட்ட வச்ச துணி. நீங்க ஒரே நாள்ல அவுத்துட்டீங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. ஏதோ பதில் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "சண்டை போட வரல. ஒரு நோட்டீஸ் போடுங்க. 'நான் குடித்தாலும் நீங்கள் வடிகட்டிக் குடியுங்கள்'னு மெம்பர் பேர்ல போடுங்க. அவர் சொன்னா கேப்பாங்க" என்றார்.

அவர் போன பிறகு நான் அந்த நோட்டீஸை அச்சுக் கோத்தேன். ஆறே வரி. மை தடவி ஒரு புரூப் எடுத்துக்கொண்டு மெம்பரிடம் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார். "ஏனுங்க தம்பி, நான் குடிச்ச தண்ணியில பூச்சி இருக்குதுன்னு நானே நோட்டீஸ் போடறதுங்களா? நாளைக்கு என்னை எவன் மதிப்பான்?" என்றார். அவர் கேட்டதிலும் ஞாயம் இருக்கிற மாதிரியே எனக்குப் பட்டது. அவர் பெயரைப் போடாமல் வெறும் நோட்டீஸாக நானே அடித்து ஊரில் ஒட்டியிருக்கலாம். மெஷின் என்னுடையது, காகிதம் என்னுடையது, கால் என்னுடையது. அன்று சாயங்காலம் அந்த ஆறு வரியையும் பிரித்து, எழுத்துகளைத் திரும்ப அதனதன் அறையில் போட்டேன்.

சித்திரையில் அக்கா வீட்டுக்குப் போனேன். பானை வாயில் துணி இல்லை. "என்னக்கா, உனக்குத் தெரியுமில்ல? நீயுமா?" என்றேன்.

"எனக்குத் தெரியும். பக்கத்தூட்டுக்காரிக்குத் தெரியாதே. வாரவ போறவளெல்லாம் எட்டிப் பாத்துட்டு, மெம்பரு குடிச்ச தண்ணிய நீ மட்டும் எதுக்குடி வடிக்கறேன்னு கேக்கறா. என்னன்னு சொல்லட்டும்? என்ற தம்பி பண்ணுன கூத்துன்னு சொல்லட்டுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "போயித் தொலையுது. மழைக்கு முந்திக் கெணறு கட்டிருவாங்கல்ல?"

"கட்டிருவாங்கக்கா" என்றேன்.

வைகாசியில் போர்டுக் கூட்டம். அந்த வருஷத்துப் பட்டியல் முடிவாகிற கூட்டம் அதுதான், மெம்பர் எழுந்து நின்று ஊர் பெயரைச் சொன்னால் போதும். அதே நாளில் ஓமலூரில் அவருக்கு ஒரு ஊர்வலம். இதற்குள் அவர் பெரிய ஆளாகிவிட்டிருந்தார். அந்தப் படம் அப்படி ஓடியிருந்தது. போகிற ஊரிலெல்லாம் கிணற்றில் இறங்கிக் குடித்துக் காட்டச் சொன்னார்கள், இவரும் குடித்துக் காட்டினார். காரில் டிரைவர் பக்கத்தில், காய்ச்சின தண்ணீர் நிரப்பி வாயைத் துணியால் வேடு கட்டின செம்பு ஒன்று எப்போதும் இருக்கும். ஓமலூரில் நாற்பது ஜோடி மாடு பூட்டிய வண்டிகளில் ஊர்வலம் என்று ஏற்பாடு. சேலத்துக்குப் போவதா, ஓமலூருக்குப் போவதா என்று என்னிடம்தான் கேட்டார்.

"ஓமலூருக்கே போங்கய்யா. கூட்டம் எங்க போயிருது, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றேன். ஊர்வலச் செய்தியை முதல் பக்கத்தில் போடுவதாகப் பத்திரிகையில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஊர்வலம் பிரமாதமாக நடந்தது. முதல் பக்கத்தில் வந்தது. கேட்க ஆள் இல்லாததால் அக்கா ஊர்க் கிணறு பட்டியலில் ஏறவில்லை, வேறு யாருடைய ஊரோ ஏறியது.

அடுத்த மாசி பிறந்தது. ஊர் படுத்தது.

சோளம் அறுக்காமல் காட்டில் நின்றது. வீட்டுக்கு இரண்டு பேர், மூன்று பேர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு காலிலும் ஒரு ஈர்க்குச்சி. மாமாவுக்குப் பாதத்தில், பக்கத்து வீட்டுக்காரிக்குக் கெண்டைக்காலில் இரண்டு. படம் எடுத்த அன்று கண் கலங்கின பெரியவருக்குக் கையிலேயே வந்திருந்தது. சேரியில் எத்தனை பேர் என்று நான் போய்ப் பார்க்கவில்லை, அந்த யோக்கியதையும் அப்போது எனக்கில்லை. அக்காவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே. நல்ல கால்.

இந்தச் சமயத்தில்தான் மெம்பர் மதராஸ் சட்டசபைக்கு நிற்கப் புறப்பட்டார். பிரசாரத்தை எங்கே தொடங்குவது என்றதும், "அந்தக் கெணத்துலயேதான் தம்பி. ராசியான கெணறு" என்றார். ஊர் இருக்கிற நிலைமையைச் சொன்னேன். "அப்பக் கண்டிப்பாப் போகோணும், ஆறுதல் சொல்லோணுமில்ல" என்றார்.

நான் முன்னாலேயே போய் அக்காவைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குச்சியில் பாதிச் சிலந்தி சுற்றியிருந்தது. இன்னும் பத்து நாள் அசையாமல் இருந்தால் முழுசாக வந்துவிடும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன், போன வருஷம் மாதிரி தண்ணீர் காய்ச்சி வைக்க முடியுமா என்று. எழுதவே கை கூசுகிறது, ஆனால் கேட்டேன். அந்த ஊரில் வேறு யாருக்கும் அந்த விஷயம் தெரியாது, அதனால் அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

அக்கா குச்சி கட்டின துணியைச் சரிசெய்தாள். பிறகு, "செரி, நான் பாத்துக்கறேன். நீ போ" என்றாள்.

உச்சிப்பொழுதுக்கு மெம்பர் வந்தார். நடக்க முடிந்தவர்கள் கிணற்றடிக்கு வந்திருந்தார்கள், முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். மெம்பர் ஒவ்வொரு காலையும் குனிந்து பார்த்து, "அடடா" என்றார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பிறகு படியில் போய்ப் போன வருஷம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அக்கா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் செம்பு. கிணற்று மேட்டுக்கு வந்ததும் அந்தச் செம்பை எல்லோரும் பார்க்கிற மாதிரி தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மாமாவின் தோளை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். தண்ணீரில் கால் படாமல் கடைசிப் படியில் உட்கார்ந்து, எட்டிக் குனிந்து மொண்டாள். திரும்பி ஏறினாள். நடுவில் ஒரு படியில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"குடிங்க சாமி" என்றாள். "போன மாசியில குடிச்சீங்களே, அதே தண்ணிதானுங்க."

மெம்பர் பழக்கத்தில் கையைக் குவித்துவிட்டார். அக்கா வார்த்தாள். அவர் அந்தத் தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தண்ணீரைப் பார்த்தார். விரலிடுக்கில் ஒழுகி ஒழுகிக் கை காலியாயிற்று. "இன்னைக்கு விரதமுங்க அம்மணி. பொழுது சாயற வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது" என்றார். காலையில் ராசிபுரத்தில் என் வீட்டில்தான் ஆறு இட்லி சாப்பிட்டிருந்தார்.

ஊருக்கு அந்த இட்லி தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் விட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கையில் சிலந்தி வந்திருந்த அந்தப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நேரமாச்சுங்க, கெளம்புங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

அக்கா மெம்பரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். செம்பில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. என் முன்னால் நீட்டினாள்.

"நீ குடிடா தம்பி. உனக்கு ஒண்ணும் விரதமில்லையே."

மாசி வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. காலையிலிருந்து அலைந்த அலைச்சலில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பைப் பார்த்தேன். "எனக்குத் தாகமில்லைக்கா" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நீட்டினபடியே நின்றாள். பிறகு தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமாவின் தோளைப் பிடித்து வீட்டைப் பார்த்து நடந்தாள். தண்ணீர் மொண்டுகொண்டு கிணற்றுப் படியேறும்போதுதான் ஈர்க்குச்சி சேலைக் கொசுவத்தில் மாட்டிச் சிலந்தி அறுந்துபோனது என்று மாமா எனக்குப் பத்து நாள் கழித்துச் சொன்னார். அறுந்த காலோடு நின்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் செம்பை நீட்டியிருக்கிறாள். அந்த மூட்டு அதற்குப் பிறகு நீளவே இல்லை.

மெம்பர் ஜெயித்தார். அந்த ஊர் ஓட்டு முழுக்க வேறு பெட்டியில் விழுந்தது, ஆனால் அந்த ஒரு ஊர் ஓட்டு எந்த மூலைக்கு? மற்ற ஊர்களில் பழைய படமே போதுமானதாக இருந்தது. அதை அச்சடித்துக் கொடுத்ததும் நான்தான். அதுதான் அவருக்கு நான் செய்த கடைசி வேலை. சண்டை ஒன்றும் போடவில்லை, அதற்கும் துணிவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

கிணற்றை வைகாசியில் ஊர்க்காரர்களே மூடினார்கள். இன்ஸ்பெக்டர் எங்கெங்கோ அலைந்து சுண்ணாம்பு வாங்கி வந்தார். கல் அவரவர் காட்டிலிருந்தே வந்தது. கால் தேறினவர்களும் சேரிக்காரர்களும் சேர்ந்து கல் சுமந்து படிகளைத் தூர்த்து, சுற்றுச்சுவர் எழுப்பி, ராட்டினம் மாட்ட மொத்தம் பதினோரு நாள் ஆனதாம். திறப்பு விழா கிடையாது, மாலை கிடையாது, படம் கிடையாது. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. பதினோரு நாள் வேலை ஐயா! அதைக் கேட்டு வாங்க ஒரு மனிதர் ஒரே ஒரு கூட்டத்தில் ஒரு நிமிஷம் எழுந்து நின்றிருந்தால் போதும். அவரை எழுந்து நிற்க விடாமல் ஓமலூருக்கு அனுப்பினவன் நான்.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அக்கா உயிரோடு இருந்தாள். அந்தப் பேச்சை ஒரு நாளும் எடுத்ததில்லை. நான் போனால், "வா தம்பி, வெயில்ல வந்திருக்கற, ஒக்காரு" என்பாள். மடங்கின காலை இழுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் எனக்குப் பிடித்ததாகப் பார்த்துச் செய்து போடுவாள். என் பிள்ளைகளின் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக வந்து நின்றாள். வருகிறவர்களுக்கு முதலில் நீட்டுகிற அந்த ஒரு செம்புத் தண்ணீர் மட்டும் எனக்கு அவள் கையால் வரவில்லை. நானும் கேட்டதில்லை. பானை அடுப்படி வாசலிலேயே இருக்கும். கிணறு மாறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அதன் வாயில் வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் கட்டியிருப்பாள். போனதும் நானே எழுந்துபோய், துணியை விலக்கி, மொண்டு குடித்துக்கொள்வேன்.